எக்ஸ்பிக்கு எதற்குப் புது போர்டு?

கேள்வி: ராஜபாளையம் பக்கம் நூல் மில் அலுவலகம் எங்களுடையது. சம்பளக் கணக்கு மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். செய்து கொடுத்தவர் இப்போது தொழிலில் இல்லை. பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் 2022-ல் அதை அப்படியே சர்வருக்குள் விர்ச்சுவல் மெஷினாக, அதாவது மென்பொருளே கம்ப்யூட்டராக நடிக்கும் ஏற்பாடாக, மாற்றினோம். இப்போது சர்வர் புதுசு. சர்வீஸ் செய்பவர், "ஐ440எஃப்எக்ஸ் என்பது 1996 போர்டு, கியூ35-க்குப் போனால்தான் ஹார்டுவேர் துல்லியமாக இருக்கும்" என்று மாற்றினார். நீலத் திரை வந்து 7பி என்று ஒரு எண்ணோடு நிற்கிறது. இனி இது ஓடாது, புது மென்பொருளுக்கு 3 லட்சம் ஆகும் என்கிறார். கூலி ரசீது அடிக்கும் டாஸ் புரோகிராம் ஒன்றும் தனியாக ஒரு பழைய பென்டியம் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. அதை எக்ஸ்பிக்குள் கொண்டுவந்தால் 'ரன்டைம் எரர் 200' என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஐ440எஃப்எக்ஸ், கியூ35 இரண்டும் விர்ச்சுவல் மெஷின் எக்ஸ்பிக்குக் காட்டும் பாவனை மதர்போர்டுகள். முதலில் கியூ35-ஐ எடுத்துவிட்டுப் பழையபடி ஐ440எஃப்எக்ஸ் என்றே வையுங்கள். எக்ஸ்பி எழுந்துவிடும். டிஸ்க்கில் எதுவும் அழிந்திருக்காது. 3 லட்சத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

7பி என்றால் "நான் எந்த டிஸ்க்கிலிருந்து எழ வேண்டுமோ அதைக் காணவில்லை" என்று எக்ஸ்பி சொல்வதாக அர்த்தம். பழைய போர்டில் டிஸ்க் ஐடிஇ என்ற பழைய இணைப்பு வழியாக வரும். கியூ35-ல் ஏஹெச்சிஐ என்ற வேறு வழி. அதற்கான டிரைவர் எக்ஸ்பியோடு வருவதில்லை. அவ்வளவுதான் கோளாறு. இன்னொன்று, கியூ35 சிப்செட்டே 2007-ல் வந்தது. அதுவும் ஒன்றும் புதுசு இல்லை.

துல்லியம் என்ற வார்த்தையை வைத்து நடக்கும் வியாபாரம் எனக்கு அலுத்துவிட்டது. நிஜ 440எஃப்எக்ஸ் சிப்செட் 1 ஜிபிக்கு மேல் ராமை ஏற்காது. விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் கியூஎமு என்ற மென்பொருளில் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு 8 ஜிபிகூடக் கொடுக்கலாம். பெயர் பழைய போர்டுடையது, உள்ளே பாதிக்கு மேல் பாவனை. எக்ஸ்பிக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. கண் பார்வை போன பாட்டி வீட்டுக்குள் தடவித் தடவியே சமையல் வரை முடிப்பாள் அல்லவா? விளக்கு மாடம் வாஸ்துப்படி சரியான இடத்தில் இருக்கிறதா என்று அவள் கேட்பதில்லை. நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருந்தால் போதும்.

மாடத்தைச் 'சரியான' இடத்துக்கு நகர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2020-ல் நடந்த ஒன்றே உதாரணம். கியூஎமு காட்டும் பிசிஐ பஸ்ஸின் (போர்டில் கார்டுகள் இணையும் பாதை) அடையாள எண் ஒன்று முரணாக இருந்ததால் அதைத் திருத்தினார்கள். ஒற்றை எண். திருத்தம் சரிதான், அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் விண்டோஸ் மெஷின்கள், "இது வேறு போர்டு, அப்படியானால் இது வேறு நெட்வொர்க் கார்டு" என்று முடிவுகட்டிக் கையால் போட்டு வைத்திருந்த ஐபி முகவரியை விட்டுவிட்டன. அடுத்த ஆண்டு, பாவனை போர்டின் பழைய வெர்ஷன்களுக்கு மட்டும் பழைய தப்பான எண்ணையே திரும்பக் காட்டும்படி செய்தார்கள். தப்பைத் தப்பாகவே காப்பாற்றி வைப்பதும் அந்த வேலையில் ஒரு பகுதி.

ஒரு கிடங்கு அலுவலகத்தில் இதை நேரில் பார்த்தேன். இரவில் யாரோ கியூஎமு வெர்ஷனை ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் பில்லிங் எந்த மேஜையிலும் திறக்கவில்லை. ஐபியைத் திரும்ப அடித்தால், "இந்த முகவரி ஏற்கெனவே இன்னொரு கார்டுக்குக் கொடுக்கப்பட்டுள்ளது" என்கிறது. அந்த இன்னொரு கார்டு திரையில் எங்குமே இல்லை. டிவைஸ் மேனேஜரில் மறைந்திருப்பதைக் காட்டச் சொன்னபோது, முந்தைய நாளின் கார்டு மங்கலாக உட்கார்ந்திருந்தது. அதை நீக்கி முகவரியைத் திரும்பப் போட பத்து நிமிடம். அதற்குள் லாரிகள் வாசலில் நின்றுவிட்டன.

ஆகவே உங்கள் மெஷின் அமைப்பில் ஐ440எஃப்எக்ஸ் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு வெர்ஷன் எண் இருக்கிறதா பாருங்கள். 2022-ல் செய்தது என்றால் 6.2 போல ஏதாவது இருக்கலாம். எண் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் இருந்தால், புது சர்வரில் அது தானாகவே புது வெர்ஷனைப் பிடித்துக்கொள்ளும். பழைய எண்ணைக் கையால் போட்டு நிறுத்துங்கள். நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியையும் (கார்டின் தனி அடையாள எண்) அப்படியே கொண்டுவாருங்கள். அது மாறினால் எக்ஸ்பி மறுபடி ஆக்டிவேஷன் கேட்கக்கூடும். 2014-லேயே கைகழுவிவிட்ட ஒன்றுக்கு இன்னும் அனுமதி வாங்க வைக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியவன் தன் சொந்த கம்ப்யூட்டரில் அதை ஓட்டுவதற்கு மன்றாட வேண்டிய ஏற்பாடு இது.

பழைய எண்களும் நிரந்தரம் இல்லை. கியூஎமுவில் இப்போது மூன்று ஆண்டு ஆன வெர்ஷனை 'கைவிடப்போவது' என்று குறித்து, ஆறு ஆண்டில் எடுத்தே விடுகிறார்கள். அந்தக் கட்டம் வரும்போது முழு நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஐ440எஃப்எக்ஸ் வரிசைக்குள்ளேயே எண்ணை மட்டும் ஏற்றிப் பாருங்கள். சம்பள நாளுக்கு முந்தைய வாரம் வேண்டாம்.

இனி அந்த டாஸ் புரோகிராம். இங்கே கதை தலைகீழ். இதற்கு நிஜமாகவே துல்லியம் வேண்டும், அதுவும் வேகத்தில். ரன்டைம் எரர் 200 என்றால் அது பெரும்பாலும் டர்போ பாஸ்கல் என்ற பழைய புரோகிராம் கருவியில் எழுதியது. எழுந்தவுடன் 55 மில்லி விநாடிக்குள் எத்தனை சுற்று சும்மா சுற்ற முடிகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். விடையைப் போட்டு வைக்கும் பெட்டியில் 65,535 வரைதான் கொள்ளும். 1990-களின் தொடக்கத்தில் அதுவே தாராளம். 200 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் வாக்கில் பெட்டி நிரம்பி வழியத் தொடங்கியது. வழிந்ததும் ப்ராசஸர் எழுப்பும் எச்சரிக்கையும் பூஜ்யத்தால் வகுத்தால் எழுப்புவதும் ஒன்றே. அதனால் 'பூஜ்யத்தால் வகுத்துவிட்டாய்' என்று அபாண்டமாகத் திரையில் வரும். பூஜ்யமே அங்கு இல்லை.

விர்ச்சுவல் மெஷின் இதற்கு உதவாது. போர்டுதான் பாவனை, ப்ராசஸர் உங்கள் புது சர்வருடையதேதான், முழு வேகத்தில் ஓடும். இதற்கென்றே பேட்ச்கள், அதாவது புரோகிராமைத் திருத்தும் சின்ன நிரல்கள், பல ஆண்டுகளாக இலவசமாக இருக்கின்றன. நகலில் போட்டுப் பாருங்கள். பலிக்காவிட்டால் டாஸ்பாக்ஸ்-எக்ஸ், அதாவது பழைய டாஸ் கம்ப்யூட்டராக நடிக்கும் மென்பொருள். அதில் வேகத்தைக் கட்டுப்படுத்த சைக்கிள் என்று ஓர் எண் உண்டு, 3000-லிருந்து தொடங்கி மெதுவாக ஏற்றலாம். சாதா டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காகச் செய்தது, அதை நம்பி ரசீது அடிக்க இறங்காதீர்கள். 86பாக்ஸ் என்றொன்று பழைய ப்ராசஸரையே அச்சு அசலாக நடிக்கும், ஆனால் சர்வரின் மூச்சை வாங்கிவிடும். கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரசீது பிரிண்டருக்காக யூஎஸ்பி-டு-பேரலல் கேபிளை யாராவது தலையில் கட்ட வருவார்கள். அது பிரிண்டருக்கு ஓரளவு ஆகும். பழைய மென்பொருளின் லைசென்ஸ் டாங்கிளை (மென்பொருள் திறக்கச் செருக வேண்டிய சாவி போன்ற சின்னக் கருவி) அதில் மாட்டினால் ஓடாது. டாங்கிள் தேடுவது மதர்போர்டில் இருந்த பழைய போர்ட் முகவரியை, இந்தக் கேபிளில் அப்படி ஒன்று கிடையாது. 'டாங்கிள் உடைத்துத் தருகிறேன்' என்பவரிடம் சம்பளக் கணக்கு இருக்கும் டிஸ்க்கைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். எக்ஸ்பியை இன்டர்நெட்டிலும் விடாதீர்கள்.

அந்த 3 லட்சம்? பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கை இந்த மென்பொருளால் இன்றைய முறைப்படி கொடுக்க முடியவில்லை என்றால் புதுசு வாங்குங்கள், அது நியாயமான காரணம். போர்டு 1996-ஆம் ஆண்டுடையது என்பதற்காக வேண்டாம். சர்வீஸ் செய்பவரிடம் ஒன்று கேளுங்கள்: மாற்றும் முன் நகல் எடுத்தாரா? இல்லை என்றால் ஆளை மாற்றுங்கள்.