புதிய லேப்டாப்பில் விண்டோஸ் 11-ஐ எடுத்துவிட்டு விண்டோஸ் 10 போட முடியுமா?

முடியும். கேள்வியில் சொல்லியிருப்பது இது: புதிதாக வாங்கிய இன்டெல் லேப்டாப், உள்ளே விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். அலுவலகத்தின் கணக்கு மென்பொருளும் பழைய பிரிண்டரும் விண்டோஸ் 10-இல்தான் ஒழுங்காக ஓடுகின்றன. ஒருமுறை முயன்றபோது "டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை" என்று செட்டப், அதாவது விண்டோஸை நிறுவும் நிரல், நின்றுவிட்டது. அந்தச் செய்திக்கான காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். விண்டோஸ் ஏற்றுவது அரை மணி நேர வேலை. விண்டோஸ் 11 இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டியவற்றை எடுத்து வைப்பதுதான் பெரிய வேலை.

செட்டிங்ஸில் உள்ள "கோ பேக்" இங்கே உதவாது. விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறியவர்கள், மாறிய 10 நாளுக்குள் திரும்பிப் போவதற்காக வைத்தது அது. கடையிலிருந்தே 11-உடன் வந்த லேப்டாப்பில் திரும்பிப் போக எதுவும் இல்லை. 11-க்குள் இருந்தபடியே 10-இன் செட்டப்பை ஓட்டினாலும், புரோகிராம்களையும் கோப்புகளையும் அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி.

போடுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்கள் வரும். அதற்கு விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணம் இல்லை. வேண்டாம் என்றால் 30 டாலர், அல்லது 1000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள். வங்கி வேலையும் வரித் தாக்கலும் செய்யும் லேப்டாப்பை அப்டேட் இல்லாமல் ஓட்டுவது ஆபத்து. டாஸ்க்பார் பிடிக்கவில்லை, மெனு பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரே ஒரு பழைய மென்பொருள்தான் தடை என்றால், 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல ஓட்டும் மென்பொருள்) நிறுவி, அதற்குள் விண்டோஸ் 10 போட்டு அந்த மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். அந்த விண்டோஸ் 10-க்குத் தனி உரிமம் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எல்லா லேப்டாப்பிலும் இது நடக்காது. ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் உள்ளவற்றில் விண்டோஸ் 10 ஓடாது. ரைசன் ஏஐ 300 வரிசைக்கு ஏஎம்டி விண்டோஸ் 11-ஐ மட்டுமே ஆதரிக்கிறது. கோபைலட் பிளஸ் என்று விற்கப்படும் எதையும் தொடாமல் இருப்பது நல்லது. இன்டெல் 12-ஆம் தலைமுறை முதல் பல சிப்களில் வேகக் கோர், சிக்கனக் கோர் என இரண்டு வகைக் கோர்கள் (சிப்பில் வேலை செய்யும் பகுதிகள்) கலந்து வருகின்றன. எந்த வேலையை எந்தக் கோருக்குத் தள்ளுவது என்று சிப் சொல்லும் குறிப்பை விண்டோஸ் 11 முழுதாகப் பயன்படுத்திக்கொள்கிறது, 10 அப்படிச் செய்வதில்லை. லேப்டாப் ஓடும், ஆனால் கனமான வேலை சிக்கனக் கோரில் போய் உட்கார்ந்துகொள்ளும் நேரங்கள் உண்டு. லேப்டாப் தயாரிப்பாளரின் இணையதளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு, விண்டோஸ் 10-க்கு டிரைவர் (வன்பொருளை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதிக் கவலை போய்விடும்.

இனி, அழிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை. லேப்டாப்போடு ஆஃபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் வந்திருந்தால், வேர்டைத் திறந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த உரிமத்தைக் கணக்கோடு சேர்த்துவிடுங்கள். சேர்த்துவிட்டால் பிறகு விண்டோஸ் 10-இலும் அதே கணக்கிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். சேர்க்காமல் அழித்துவிட்டால் பெரும் அலைச்சல். பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள பொருள் அது.

அடுத்து பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. இப்போது வரும் லேப்டாப்களில் ஹோம் பதிப்பிலும் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் 48 இலக்க ரெக்கவரி கீ இருக்கும், அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்பு) எதையாவது மாற்றிவிட்டு, மனம் மாறி மறுபடி 11-க்குள் போக நினைத்தால் அந்த 48 இலக்கத்தைத்தான் கேட்கும்.

தயாரிப்பாளரின் ரெக்கவரி பென் டிரைவ் ஒன்றும் தயார் செய்யுங்கள். டெல், எச்பி, லெனோவோ மூன்றுமே இதற்கான கருவியைத் தங்கள் தளத்தில் இலவசமாகத் தருகின்றன. 32 ஜிபி பென் டிரைவ் போதும். பயாஸ் அப்டேட் ஏதும் பாக்கி இருந்தால் அதையும் 11-இல் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

பலர் விட்டுவிடும் ஒன்று, இருக்கிற டிரைவர்களை மொத்தமாக வெளியே எடுத்து வைப்பது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பிஎன்பியூட்டில் கட்டளையோடு எக்ஸ்போர்ட் டிரைவர் என்ற தேர்வு, ஒரு நட்சத்திரக் குறி, வெளி டிஸ்க்கில் உள்ள ஃபோல்டரின் பாதை ஆகியவற்றைக் கொடுத்தால், லேப்டாப்புக்கென்று ஏற்றப்பட்ட எல்லா டிரைவரும் அந்த ஃபோல்டருக்கு வந்துவிடும். 10-க்கும் 11-க்கும் டிரைவர் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் இவற்றில் பெரும்பாலானவை 10-இலும் ஏறும். டிரைவரோடு வரும் ஐஎன்எஃப் என்ற விவரக் கோப்பில் குறைந்தபட்ச பில்ட் எண் (விண்டோஸ் பதிப்பின் உள் எண்) 22000 அல்லது அதற்கு மேல் என்று எழுதப்பட்டவை மட்டும் மறுத்துவிடும். 22000 என்பது விண்டோஸ் 11-இன் முதல் பில்ட்.

விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே எடுங்கள். மீடியா கிரியேஷன் டூல் 8 ஜிபி பென் டிரைவைத் தானே தயார் செய்துவிடும், அதில் உள்ளதை முழுக்க அழித்துவிட்டுத்தான். நண்பர் கொடுத்த பழைய ஐஎஸ்ஓ (விண்டோஸ் நிறுவும் கோப்பு), "ஆக்டிவேட் செய்யப்பட்ட" ஐஎஸ்ஓ எதையும் தொடாதீர்கள். அதோடு வைரஸும் சேர்ந்து வரலாம்.

இப்போது "டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை" என்ற செய்திக்கு வருவோம். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் எஸ்எஸ்டி நேரடியாக விண்டோஸின் கண்ணில் படாது. நடுவில் விஎம்டி என்ற கன்ட்ரோலர் நிற்கிறது. அதன் டிரைவர் விண்டோஸ் 10 பென் டிரைவில் கிடையாது. அதனால் செட்டப்புக்கு எஸ்எஸ்டி இருப்பதே தெரிவதில்லை. டிஸ்க் கெட்டுப்போகவும் இல்லை, கழன்று போகவும் இல்லை. ஏஎம்டி லேப்டாப்களில் இந்தப் பிரச்சினை வராது.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, டிரைவரைக் கொடுப்பது. தயாரிப்பாளர் தளத்தில் "இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி" என்ற டிரைவர் இருக்கும். அது பெரும்பாலும் இஎக்ஸ்இ கோப்பாகத்தான் வரும். அதை அப்படியே பென் டிரைவில் போட்டால் செட்டப்பால் படிக்க முடியாது. விரித்து, உள்ளிருக்கும் ஐஎன்எஃப் கோப்புகள் உள்ள ஃபோல்டரைத்தான் போட வேண்டும். செட்டப்பில் "லோட் டிரைவர்" அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் பெயர்கள் வரும். பெயரின் இறுதியில் இருக்கும் குறியீட்டைப் பாருங்கள்: 11-ஆம் தலைமுறைக்கு 9ஏ0பி, 12-க்கு 467எஃப், 13-க்கு ஏ77எஃப். சரியானதைத் தேர்ந்தால் டிஸ்க் பட்டியலில் வந்துவிடும்.

இரண்டாவது வழி, பயாஸில் விஎம்டியை அணைப்பது. அசூஸில் எஃப்2 வழியாக பயாஸுக்குள் போய், எஃப்7 அழுத்தி அட்வான்ஸ்டு பக்கத்தில் விஎம்டி அமைப்பைத் தேடுங்கள். டெல்லில் ஸ்டோரேஜ் பகுதியில் ரெய்டு என்று இருப்பதை ஏஎச்சிஐ என்று மாற்ற வேண்டும். ஏசரில் இந்த வரி மறைந்திருக்கும், மெயின் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால்தான் தெரியும். சில எச்பி மாடல்களில் அணைக்கும் வசதியே கிடையாது, அவற்றுக்கு டிரைவர் வழி மட்டுந்தான். ஒரே எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் விஎம்டியை அணைப்பதால் வேகம் குறைந்ததாக உணர மாட்டீர்கள்.

இருந்தாலும் நான் டிரைவர் வழியையே பரிந்துரைப்பேன். காரணம், அணைத்துவிட்டு ஏற்றிய விண்டோஸ் விஎம்டி ஆன் ஆகியிருக்கும் நிலையில் பூட் ஆகாது, அதாவது தொடங்காது. ஆறு மாதம் கழித்து பயாஸ் அப்டேட் செய்யும்போதோ, பயாஸ் ரீசெட் ஆகும்போதோ விஎம்டி மறுபடி ஆன் ஆகிவிடலாம். உடனே நீலத்திரை வரும், பூட் டிவைஸை அணுக முடியவில்லை என்று சொல்லும். எஸ்எஸ்டி போய்விட்டது என்று நினைத்துக் கடைக்கு ஓடுவார்கள். பயாஸில் போய் விஎம்டியை அணைத்தால் எல்லாம் அப்படியே இருக்கும்.

பென் டிரைவிலிருந்து பூட் செய்ய டெல், லெனோவோ, ஏசருக்கு எஃப்12, எச்பிக்கு எஃப்9, அசூஸுக்கு எஸ்கேப். ஏசரில் எஃப்12 மெனுவை முதலில் பயாஸில் ஆன் செய்ய வேண்டும். செக்யூர் பூட்டை (நம்பகமான ஓஎஸ் மட்டுமே தொடங்க விடும் பயாஸ் வசதி) அணைக்கத் தேவையில்லை, விண்டோஸ் 10 அதோடு ஒத்துப்போகும். மெனுவில் யுஇஎஃப்ஐ என்று தொடங்கும் வரியையே தேர்ந்தெடுங்கள். "டிஸ்க் ஜிபிடி முறையில் உள்ளது, நிறுவ முடியாது" என்று வந்தால் பழைய முறையில் பூட் ஆகிவிட்டது என்று பொருள். டிஸ்க்கை மாற்றாமல், ரீஸ்டார்ட் செய்து சரியான வரியைத் தேர்ந்தால் போதும். யுஎஸ்பி மவுஸ் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், புதிய டச்பேடுகள் பல செட்டப்பில் வேலை செய்யாது.

பதிப்பு எது என்று செட்டப் பெரும்பாலும் கேட்காது. மதர்போர்டில் பதிந்த கீயைப் படித்து, ஹோம் சிங்கிள் லாங்குவேஜையே எடுத்துக்கொள்ளும். கேட்டால் அதையே கொடுங்கள். புரோ போட்டால் இந்தக் கீயில் ஆக்டிவேட் ஆகாது. உரிம விதிப்படி பழைய பதிப்புக்கு இறங்கும் உரிமை விண்டோஸ் 11 புரோவுக்குத்தான் இருக்கிறது. ஹோமுக்கு எழுத்தில் அப்படி இல்லை, ஆனால் நடைமுறையில் அதே கீ 10 ஹோமையும் பெரும்பாலும் ஆக்டிவேட் செய்துவிடுகிறது. அலுவலக லேப்டாப் என்றால் இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள், தணிக்கையில் கேள்வி வரும்.

பார்டிஷன் (டிஸ்க்கின் பகுதிகள்) திரைக்குப் போக "கஸ்டம்" தேர்ந்து, 0-ஆவது டிஸ்க்கில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக அழித்து, காலி இடத்தைத் தேர்ந்து நெக்ஸ்ட் கொடுங்கள். தேவையான சிறு பார்டிஷன்களை செட்டப்பே உருவாக்கிக்கொள்ளும். இரண்டாவது டிஸ்க்கோ பென் டிரைவோ இதே பட்டியலில் தெரியும், அளவைப் பார்த்து உறுதி செய்துகொண்டு அழியுங்கள்.

முதல் முறை டெஸ்க்டாப் வந்ததும் வைஃபை இருக்காது, திரை மங்கலாகப் பெரிய எழுத்தில் தெரியும், ஸ்பீக்கர் பேசாது. பதற வேண்டாம், டிரைவர் இல்லாததுதான். ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால், பெரும்பாலும் எந்த டிரைவரும் இல்லாமலே இணையம் வந்துவிடும். பிறகு டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி உள்ள ஒவ்வொன்றுக்கும் அப்டேட் டிரைவர் கொடுத்து, எடுத்து வைத்த ஃபோல்டரைக் காட்டுங்கள். வரிசை முக்கியம்: முதலில் சிப்செட், அடுத்து சீரியல் ஐஓ, பிறகு மற்றவை. டச்பேட் சீரியல் ஐஓ மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒலி பல மாடல்களில் ஸ்மார்ட் சவுண்ட் டிரைவர் ஏறிய பிறகே ரியல்டெக் டிரைவரை ஏற்கும். வைஃபை 6இ கார்டு வேலை செய்யும், ஆனால் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை விண்டோஸ் 10-இல் கிடைக்காது.

எல்லாம் ஏறிய பிறகு விண்டோஸ் அப்டேட்டை முழுதாக ஓட்டுங்கள். நீட்டிப்புத் திட்டத்தில் சேரும் இணைப்பு அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கத்தில் தெரியும். கூடவே "விண்டோஸ் 11 தயார்" என்ற அழைப்பும் வரும், ஏனென்றால் உங்கள் லேப்டாப் தகுதியுள்ளது. இப்போதைக்கு 10-இலேயே இருக்கிறேன் என்ற வரியை அழுத்துங்கள்.

பின்னால் 11-க்கே திரும்ப நினைத்தால், தயார் செய்து வைத்த ரெக்கவரி பென் டிரைவைப் போட்டால் போதும். விஎம்டியை அணைத்திருந்தால், அதைப் போடுவதற்கு முன் பயாஸில் மறுபடி ஆன் செய்துவிடுங்கள்.