கையேடு இல்லாத பழைய கம்ப்ரசர்: கேள்வி பதில்

கேள்வி: போர்வெல்லுக்கு ஓடிய இரண்டு சிலிண்டர் கம்ப்ரசர் ஒன்று டீசல் எஞ்சினுடன் தோட்டத்துக் கொட்டகையில் பல வருடமாகக் கிடக்கிறது. பெயர்த்தகடும் கையேடும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது, ஐயா? (பல்லடம், விவசாயி)

பதில்: கையேட்டில் இருந்திருக்கக்கூடியவற்றில் பெரும்பகுதியை இயந்திரத்தை அளந்தே பெற்றுவிடலாம். முதலில் இரண்டு சிலிண்டர்களும் ஒரே அளவா என்று பாருங்கள். ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்து, இடையில் குளிர்விக்கும் குழாய் ஓடினால், அது இரண்டு கட்டங்களில் காற்றை அழுத்தும் வகை. பெரிய சிலிண்டரின் விட்டம் 100 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 80 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.63 லிட்டர் காற்று உள்ளே வரும். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் எஞ்சினில் 120 மி.மீ. புல்லியும், கம்ப்ரசரில் 400 மி.மீ. சக்கரமும் இருந்தால், கம்ப்ரசர் 450 சுற்று ஓடும். அப்படியானால் கணக்குப்படி நிமிடத்துக்கு 283 லிட்டர், அதாவது 10 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 10 கன அடி). கையில் கிடைப்பது இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பழைய புல்லிகள் இருந்தால் மாற்றாதீர்கள்; சரியான வேகத்துக்கு உங்களிடம் எஞ்சியுள்ள சாட்சி அவைதான்.

எஞ்சினை இணைக்கும் முன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடி) கழற்றும்போது ஒவ்வொரு வால்வும் எந்தக் குழியிலிருந்து வந்தது என்று குறித்து வையுங்கள். பல பழைய கம்ப்ரசர்களில் உள்ளிழுக்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வெளியேற்றும் இடத்தில் உள்ளிழுக்கும் வால்வைப் பொருத்திவிட்டால் அழுத்திய காற்றுக்குப் போக வழியிருக்காது. ஹெட்டே உடைந்து பறக்கலாம். உள்ளிழுப்பது சிலிண்டரை நோக்கித் திறக்கும், வெளியேற்றுவது சிலிண்டருக்கு எதிர்த்திசையில் திறக்கும்; மெல்லிய குச்சியால் தகட்டை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: காற்றைச் சேமிக்கும் டேங்க் வெளியே நன்றாகத்தான் இருக்கிறது. பெயின்ட் அடித்தால் போதுமா? (ஈரோடு)

பதில்: போதாது. துரு உள்ளே, தண்ணீர் தேங்கும் அடிப்பக்கத்தில்தான் அரிக்கும். தகட்டின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு டேங்க்கில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி நிறுத்துங்கள். 7 கிலோ அழுத்தத்தில் (சதுர செ.மீ.க்கு) ஓட்டுவதென்றால் 10.5 கிலோ.

கேள்வி: நாங்கள் காற்றையே ஏற்றி, சோப்பு நுரை தடவித்தான் பார்க்கிறோம். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. (பட்டறை வைத்திருப்பவர், கரூர்)

பதில்: இதை நான் ஏற்கமாட்டேன். நுரை, கசிவைக் காட்டும். மெலிந்த தகட்டைக் காட்டாது. தண்ணீர் அழுத்தத்தில் மிகச் சிறிதே சுருங்குவதால், டேங்க் கிழிந்தாலும் அழுத்தம் அக்கணமே விழுந்துவிடும். அதே அளவு காற்றில் ஆயிரம் மடங்குக்கும் மேலான ஆற்றல் அடைந்திருக்கும். கிழிந்த தகட்டை அது ஆள்மீது வீசும். இதுவரை கிழியாதது, அடுத்த டேங்க்கின் தடிமனைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

கேள்வி: ஓட்டையின் மேல் ஒரு தகட்டை வைத்து வெல்டிங் அடித்துவிட்டால்? (கரூர்க்காரரின் நண்பர்)

பதில்: வேண்டாம். ஓட்டையைச் சுற்றியுள்ள தகடும் மெலிந்தேயிருக்கும். அந்த டேங்க்கை வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுங்கள்.

கேள்வி: என்ன ஆயில் ஊற்றலாம்?

பதில்: கம்ப்ரசருக்கென்றே விற்கும் ஆயில், நம் வெயிலுக்கு, பழைய பிஸ்டன் வகைக்கு 100 அல்லது 150 கிரேடு. வண்டி எஞ்சின் ஆயில் சூடான வெளியேற்றும் வால்வில் கரியைப் படியவிடக்கூடும். அக்கரி தீப்பற்றவும் கூடும்.

கேள்வி: மீதமிருக்கும் 20-40 எஞ்சின் ஆயில் இருக்கிறதே, அதை ஊற்றலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: அப்படியானால் கரியை நீக்க, ஓடும்போதே காற்று வாயில் மண்ணெண்ணெய் விடலாமா?

பதில்: கூடவே கூடாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றில் மண்ணெண்ணெய் ஆவி வெடிக்கும். வால்வைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்க உலர்த்திப் பொருத்துங்கள்.

கேள்வி: டேங்க் நிரம்பியதும் மோட்டார் தானே நிற்கும். எஞ்சின் எப்படி நிற்கும்? (தர்மபுரி)

பதில்: நல்ல கேள்வி, இதை விட்டுவிட்டுத்தான் பலர் இயந்திரத்தைக் கெடுக்கிறார்கள். எஞ்சின் நிற்காது, கம்ப்ரசர்தான் சுமையை இறக்கி வைக்க வேண்டும். குறித்த அழுத்தம் வந்ததும் டேங்க்கிலிருந்து ஒரு சிறு குழாய் வழியே வரும் காற்று, உள்ளிழுக்கும் வால்வைத் திறந்தபடியே தாங்கிப் பிடிக்கும். சிலிண்டர் காற்றை இழுத்து அதே வழியில் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். இந்த அன்லோடரின் சிறு பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தால், சேஃப்டி வால்வு ஒன்றுதான் உங்களைக் காக்கும். ஆகவே சேஃப்டி வால்வைப் புதிதாக வாங்குங்கள். கம்ப்ரசருக்கும் டேங்க்குக்கும் இடையே அடைப்பு வால்வு இருந்தால், அதற்கு முன்னால் இன்னொரு சேஃப்டி வால்வு கட்டாயம் வேண்டும்.

கேள்வி: இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவே உள்ள அழுத்தம் காட்டும் கேஜ் எவ்வளவு காட்ட வேண்டும்?

பதில்: டேங்க்கில் 7 கிலோ இருக்கும்போது நடுவில் 2 கிலோ அளவில் நிற்பது இயல்பு. வழக்கத்தைவிட ஏறினால் சிறிய சிலிண்டரின் வால்வைப் பாருங்கள், இறங்கினால் பெரியதன் வால்வைப் பாருங்கள்.

கேள்வி: சக்கரம் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும்?

பதில்: சக்கரத்தில் அம்புக்குறி இருந்தால் அதன்படி. இல்லையென்றால், ஆரங்கள் விசிறிபோல் அமைந்த சக்கரத்தில் காற்று சிலிண்டர்மீது வீசும் திசை.