டாங்கோவில் ஜாஸ் கலந்தால் திட்டு விழுமா?

கேள்வி: எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். சித்தப்பா தெருக்கூத்துக்கு ஆர்மோனியம் வாசிப்பவர், நான் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு. பாட்டுக்கு நடுவில் ஜாஸ் மாதிரி இஷ்டத்துக்கு வாசித்தால் “ஒழுங்கா வாசிடா” என்று திட்டு விழுகிறது. அர்ஜென்டினாவில் ஒருவர் டாங்கோ என்ற அந்த நாட்டு நடன இசையில் ஜாஸைக் கலந்துதான் பெரிய ஆளானாராமே?

பதில்: பாதி உண்மை, தம்பி. நீங்கள் சொல்வது ஆஸ்டர் பியாசொல்லாவாக இருக்கும். 1921-ல் பிறந்து, சின்ன வயதிலேயே நியூயார்க் போய் அங்கே வளர்ந்ததால் ஜாஸ் அப்போதே காதில் விழுந்துவிட்டது. அவர் வாசித்த பாண்டோனியான் உங்கள் சித்தப்பாவின் ஆர்மோனியத்துக்குப் பங்காளி முறை. இரண்டிலும் துருத்திக் காற்றில் உலோக நாக்குகள் அதிர்ந்துதான் சத்தம் வருகிறது, என்ன, பாண்டோனியானில் விரிக்கும்போது ஒரு சுரம் தரும் பொத்தான் மூடும்போது பெரும்பாலும் வேறு சுரம் தரும், கற்றுக்கொள்பவர் பாடு திண்டாட்டம்தான்!

1939-ல் அனிபால் டிரொய்லோ என்ற பாண்டோனியான் கலைஞரின் டாங்கோ குழுவில் சேர்ந்து, டாங்கோவை ஆடுபவர்களுக்காக ராத்திரி ராத்திரியாக வாசித்தவர் அவர். அப்புறம் 1954-ல் பாரிஸில் நாடியா பூலாஞ்சே என்ற இசை ஆசிரியையிடம் படிப்பு. திரும்பி வந்து 1955-ல் எட்டுப் பேர் குழு ஒன்று அமைத்து, அதில் எலெக்ட்ரிக் கிதாரோடு ஜாஸ்காரரான ஒராசியோ மல்விசினோவை உட்கார வைத்தார். பழைய ரசிகர்களுக்கு வந்த கோபத்தைக் கேட்கவே வேண்டாம், உங்களுக்கு விழும் திட்டெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

ஆனால் பியாசொல்லா பெரும்பாலும் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடுத்தவர். 1958-க்குப் பிறகு நியூயார்க்கில் ஜாஸ்-டாங்கோ என்று வெளிப்படையாகக் கலந்து பார்த்தார், அது எடுபடவில்லை, பின்னாளில் அவருக்கே பிடிக்கவில்லை. நீங்கள் கேட்கும் அந்த ‘இஷ்டத்துக்கு’ வேண்டுமென்றால் பாப்லோ சீக்லரைத்தான் கவனிக்க வேண்டும். ஜாஸ் பியானோவிலிருந்து வந்த அவர் 1978-ல் பியாசொல்லாவின் ஐவர் குழுவில் சேர்ந்து பத்து வருடம் அங்கேயே இருந்தார். அந்தக் குழுவில் டிரம்ஸே கிடையாது, எட்டு எண்ணிக்கையை 3+3+2 என்று பிரித்து விழும் அடியை பியானோவும் பாஸ் வாத்தியமும்தான் தாங்க வேண்டும். அவர் கற்பனையாக வாசிக்கும்போதும் அந்த அடி நழுவாது. பின்னால் சொந்தக் குழு வைத்து, 2018-ல் லத்தீன் ஜாஸ் ஆல்பத்துக்கான கிராமி விருதும் வாங்கினார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாடகர் அடுத்த வரியை எடுக்கக் காத்திருக்கும் இடத்தில் கைவரிசை காட்டினால் திட்டத்தான் செய்வார்கள். சித்தப்பாவும் விடிய விடிய எழுதி வைத்தா வாசிக்கிறார்? கூத்தாடுபவர் வசனத்தை இழுத்தால் இவரும் இழுக்கிறார், அவர் வெட்டினால் இவரும் நிறுத்துகிறார். ஒரு ராத்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எங்கே இறங்குகிறார், எங்கே சும்மா இருக்கிறார் என்று பாருங்கள்.

கேள்வி: பியாசொல்லாவை எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? – ஒரு வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: எல்லோரும் ‘லிபர்டாங்கோ’ என்பார்கள், சரி, கேளுங்கள். அதைவிட, 1986-ல் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ ஜாஸ் விழாவில், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கேரி பர்ட்டனின் வைப்ரபோனோடு வாசித்ததைத் தேடிப் பிடியுங்கள். பியானோவில் சீக்லர்தான்.