மூன்று மாதத்தில் ஒரு மொழி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தோனேசிய மொழியை யுனெஸ்கோ அலுவல் மொழியாக ஏற்றுக்கொண்டது பற்றியும், கொரியா, ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அதைக் கற்போர் பெருகிவருவது பற்றியும் ஒரு கட்டுரையில் வாசித்தேன். பொறியியல் இரண்டாமாண்டு படிக்கும் என் மகள் அந்த மொழியைக் கற்கப்போவதாகச் சொல்கிறாள். ஜெர்மனோ ஜப்பானியமோ படித்தால் வேலைக்கு ஆகும், இதனால் என்ன பயன் என்று வீட்டில் கேட்கிறார்கள். இலக்கணமே இல்லாத எளிய மொழி, மூன்று மாதத்தில் பேசிவிடலாம், தமிழ்ச் சொற்களும் நிறைய உண்டு என்று இணையத்தில் சொல்கிறார்கள். அவள் இதில் நேரம் செலவிடலாமா?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

இதே விஷயத்தைப் பல நாட்களாக எண்ணிக்கொண்டிருந்தேன். இந்தோனேசிய மொழி என்று பேச்செடுத்தாலே ‘எளிது’ என்பதைத் தவிர வேறெதையும் யாரும் சொல்வதில்லை. அந்த ஒரு பேச்சு அம்மொழிக்குச் செய்யும் அநீதி எனக்குப் பொறுக்கவில்லை.

நீங்கள் வாசித்த செய்தியில் சில திருத்தங்கள். 2023 நவம்பரில் யுனெஸ்கோவின் பொது மாநாடு இந்தோனேசிய மொழியைத் தன் பத்தாவது அலுவல் மொழியாக ஏற்றது உண்மை, அது ஐ.நா. சபையின் மொழியாகிவிட்டது என்று எழுதுகிறவர்கள் சரியாகப் படிக்காதவர்கள். கொரியாவிலும் ஜப்பானிலும் பல்கலைக்கழகங்கள் அதை நெடுங்காலமாகக் கற்பிக்கின்றன. ஆஸ்திரேலியாவின் கதை நேர்மாறானது. 1950களிலேயே அங்கே பல்கலைக்கழகங்களில் இந்தோனேசிய மொழித் துறைகள் தொடங்கப்பட்டன. ஆனால் 2002இல் பாலியில் குண்டு வெடித்த பிறகு பள்ளிகள் மாணவர்களை அழைத்துச் செல்லத் தயங்கின, படிப்போர் குறைந்தார்கள், சில பல்கலைக்கழகங்கள் அப்பாடத்தையே கைவிட்டன. பக்கத்து நாடு கைநழுவ விடுவதை எங்கோ இருக்கும் உங்கள் மகள் விரும்புகிறாள் என்பது எனக்கு மகிழ்ச்சி அளிக்கிறது.

எளிமைதான் காரணம் என்றால் உலகில் எளிய மொழிகள் வேறும் உண்டு. 1928 அக்டோபர் 28 அன்று பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கூடிய இளைஞர்கள் ஒரே தாயகம், ஒரே மக்கள், ஒன்றிணைக்கும் மொழி என்று உறுதியேற்றபோது, எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்த ஜாவானியர்களின் மொழியை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. துறைமுகங்களிலும் சந்தைகளிலும் பல நூற்றாண்டுகளாகப் புழங்கிவந்த, சிறு பகுதியினருக்கே தாய்மொழியாக இருந்த மலாயை எடுத்து அதற்கு இந்தோனேசிய மொழி என்று பெயரிட்டார்கள். 1942இல் வந்த ஜப்பானியர்கள் டச்சு மொழியைத் தடைசெய்தபோது அது பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் நுழைந்தது. 1945ஆம் ஆண்டு அரசமைப்பு அதை அரசு மொழியாக்கியது. எழுநூறுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள அந்நாட்டில் இன்றும் கோடிக்கணக்கானோர் வீட்டில் ஒரு மொழி பேசி, பள்ளிக்குப் போய்த்தான் இதைக் கற்கிறார்கள். தானும் முயன்று கற்றவர் பிறர் தடுமாறும்போது பொறுமையோடு காத்திருப்பார். வெளிநாட்டவரை அம்மொழி இழுப்பதற்கு அந்தப் பொறுமைதான் முதற்காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

1974 முதல் அந்நாட்டு அரசு வெளிநாட்டு மாணவர்களுக்கு வழங்கிவரும் தர்மசிஸ்வா உதவித்தொகையில் நான் ஜாவாவிலுள்ள யோக்யகர்த்தா நகரில் படித்தபோது தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் ஒரு முதிய ஜாவானியப் பெண்மணி. அவரை நாங்கள் எல்லோரும் ‘இபு’, அதாவது அம்மா, என்றே அழைப்போம். தன் அண்ணனிடம் மரியாதைக்குரிய ஜாவானியத்திலும், வேலைக்கு வந்த சிறுபெண்ணிடம் சாதாரண ஜாவானியத்திலும், சுமத்ராவின் பத்தாக் இனத்தைச் சேர்ந்த எதிர்வீட்டுக் குடும்பத்தாரிடமும் எங்களிடமும் இந்தோனேசிய மொழியிலும் பேசுவார். சமையலறையில் ஒரே ஒரு அடுப்பு. யார் முதலில் சோறு வைப்பது என்று கொரிய மாணவியும் எகிப்திய மாணவரும் மாலைதோறும் சண்டையிடுவார்கள். இருவருக்கும் பொதுவாக வேறு மொழி இல்லாததால் சண்டையும் இந்தோனேசிய மொழியில்தான் நடக்கும். இபு வெங்காயம் உரித்தபடி, சண்டையில் தலையிடாமல், அவர்களுடைய முன்னொட்டுகளை மட்டும் திருத்துவார். ஒருநாள் அந்த எகிப்தியர் ‘நான் இங்கே மொழி கற்க வந்தவன்’ என்று சொல்ல நினைத்து ‘மெஙாஜார்’ என்று சொல்லிவிட்டார். “யாருக்குக் கற்பிக்கிறாய், அப்பா?” என்று இபு கொஞ்சமும் சிரிக்காமல் கேட்டார்.

அஜார் என்பது வேர். பெலாஜார் என்றால் கற்பது, மெஙாஜார் என்றால் கற்பிப்பது, மெம்பெலாஜாரி என்றால் ஒன்றை ஆழ்ந்து பயில்வது, பெஙாஜார் என்றால் ஆசிரியர். இலக்கணமில்லாத மொழி என்று உங்களுக்குச் சொன்னவர் இதைப் பார்த்ததே இல்லை. வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது, பால் வேறுபாடு கிடையாது, எழுத்து ரோமன் எழுத்து, 1972இல் சீர்திருத்தப்பட்ட எழுத்துமுறையில் எழுதியபடியே ஏறத்தாழ வாசித்துவிடலாம் என்பதெல்லாம் சரிதான். அதோடு நின்றுவிட்டவர்களால் சந்தையில் பேரம் பேசவும் தேநீர் கேட்கவும் முடியும். ஒரு நாளிதழின் தலையங்கத்தைப் படிக்க முடியாது. பேச்சில் முன்னொட்டுகள் பலவும் உதிர்ந்துவிடும், எழுத்தில் அவை அனைத்தும் திரும்பி வந்து நிற்கும். பேச்சுத் தமிழ் மட்டும் அறிந்தவர் மேடைப்பேச்சைக் கேட்டு விழிப்பதுபோல அவர்கள் விழிக்கிறார்கள்.

அச்சு அகராதியைத் திறந்தால் சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரியும். ‘மெ’ என்னும் முன்னொட்டு சேரும்போது அனுப்புவதைக் குறிக்கும் கிரிம் ‘மெஙிரிம்’ ஆகும். துடைப்பத்தைக் குறிக்கும் சாப்பு ‘மெஞாப்பு’ ஆகிப் பெருக்குவதைக் குறிக்கும். எழுதுவதைக் குறிக்கும் துலிஸ் ‘மெனுலிஸ்’ ஆகும். அடிப்பதைக் குறிக்கும் புக்குல் ‘மெமுக்குல்’ ஆகும். இவற்றை ம வரிசையில் தேடினால் கிடைக்காது. மறைந்துபோன முதலெழுத்தை மீட்டெடுத்து அந்த வரிசையில்தான் தேட வேண்டும். என்னோடு படித்த ஐரோப்பிய மாணவர்கள் இதற்கு அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தார்கள். ஆனால் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இது எட்டாத விஷயமா? க மறைந்து ங, ச மறைந்து ஞ, த மறைந்து ந, ப மறைந்து ம. வல்லினம் போன இடத்தில் அதன் இனமான மெல்லினம் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். இதைக் கண்ட அன்று வகுப்பில் எனக்கு உண்டான பரவசத்தை இன்றும் மறக்கவில்லை. நாம், நாங்கள் என்று நாம் பிரித்துச் சொல்வதும் அங்கே கித்தா, காமி என்று அப்படியே இருக்கிறது. தமிழ் தெரிந்தவருக்கு அம்மொழி தரும் உண்மையான சலுகை இதுதான். கப்பல், கடை போன்ற தமிழ்ச் சொற்கள் அங்கே போய்ச் சேர்ந்தது உண்மை. சுமத்ராவின் பாருஸ் பகுதியில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. ஆனால் கடன்சொற்களைப் பொறுக்கிப் பெருமைப்படுகிறவர்களில் ஒருவர்கூட அம்மொழியில் ஒரு பத்தி படித்து நான் பார்த்ததில்லை. அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள்.

வேலைக்கு ஆகுமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஜெர்மன் படிக்க வேண்டுமென்றால் அதையும் படிக்கட்டும். ஒரு மொழி படித்தால் இன்னொன்று படிக்கக் கூடாது என்று யார் சொன்னது? ஆனால் பயன் என்ற ஒரே தராசை வைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமல் தானாக ஒரு மொழியின் மீது ஆசைப்பட்ட பெண்ணிடம் கணக்குக் கேட்பது சரியில்லை. அந்த ஆசை எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதில்லை. வீட்டில் மற்றவர்கள் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்பது நீங்களும்தான் என்று கடிதத்திலேயே தெரிகிறது.

முதல் ஆறு மாதம் வேர்ச்சொற்களையும் முன்னொட்டுகளையும் மட்டும் படிக்கச் சொல்லுங்கள். அந்நாட்டு அரசின் மொழி நிறுவனம் தன் பெரிய அகராதியை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அதைத் துணைக்கு வைத்துக்கொண்டு நாளுக்கு ஒரு செய்தியை முழுவதும் வாசிக்கட்டும். பட்டம் முடிந்ததும் தர்மசிஸ்வா பற்றித் தூதரகத்தில் விசாரிக்கலாம். இடையில் ஐயம் வந்தால் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.