இணையப் பக்கங்களைப் படித்துத் தானே உண்மைகளைக் கற்கும் நிரல், சில சுற்றுகளுக்குப் பிறகு குப்பையைச் சேர்ப்பது ஏன்?

பத்துப் பதினைந்து நகரப் பெயர்களை விதையாக, அதாவது தொடக்க எடுத்துக்காட்டாக, கொடுத்து, மற்ற நகரங்களையும் சேர்க்கும்படி நிரலை ஓடவிட்டிருப்பீர்கள். முதல் சில சுற்றுகள் ஒழுங்காக வந்திருக்கும், பிறகு பட்டியலில் நாடுகளும் ஆறுகளும் நுழைந்திருக்கும். நிரலில் பிழை தேடாதீர்கள். இது இந்த முறையோடு பிறந்த கோளாறு.

விதைப் பெயர்கள் வரும் வாக்கியங்களிலிருந்து நிரல் வார்ப்புகளை, அதாவது பெயரைச் சுற்றி வரும் சொல்லமைப்புகளை, பிடிக்கிறது. அந்த வார்ப்புகள் புதிய பெயர்களைக் கொண்டுவருகின்றன. "பாரிஸுக்குச் சுற்றுலா" என்பதிலிருந்து பிடித்த வார்ப்பில் பிரான்சும் பொருந்தும். பிரான்ஸ் 'நகரம்' ஆகிவிட்டால், அடுத்த சுற்றில் "பிரான்ஸின் அதிபர்" என்பதும் நகரத்துக்கான வார்ப்பாகிவிடும். பிறகு உலக நாடுகள் அனைத்தும் உள்ளே வந்துவிடும்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழு 2010 ஜனவரியில் ஓடவிட்ட, இணையத்தைப் படித்துத் தானே கற்கும் 'நெல்' (NELL) அமைப்பிலும் இது நடந்தது. 67 நாட்களில் 2,42,000-க்கும் மேற்பட்ட கூற்றுகள் சேர்ந்தன, மதிப்பிட்ட துல்லியம், அதாவது அவற்றில் சரியானவற்றின் பங்கு, 74%. ஆனால் தொடக்கச் சுற்றுகளில் 90%, கடைசிச் சுற்றுகளில் 57%. அவர்கள் இதைப் பிரித்தே காட்டினார்கள். ஒற்றைச் சராசரியைப் போட்டுவிட்டுச் சரிவை மறைக்கும் அறிக்கைகள்மீதுதான் எனக்குக் கோபம். அவற்றை நம்பித் தொடங்குபவர்களின் உழைப்பு வீணாகிறது.

முதல் தடுப்பு, ஒன்றையொன்று விலக்கும் வகைகளைச் சேர்த்தே கற்பிப்பது. நகரத்தோடு நாடு, ஆறு, ஆள் பெயர் எல்லாவற்றுக்கும் விதை கொடுங்கள். நாடு என்று உறுதியானது நகரமாக முடியாது. தொடர்புகளுக்கும் வகைச் சோதனை வேண்டும்: 'தலைநகரம்' என்றால் ஒரு பக்கம் நாடு, மறுபக்கம் நகரம். வாக்கியம், அட்டவணை என இரு வழிகளில் வந்த பெயருக்கு முன்னுரிமை கொடுங்கள். ஒரே வாக்கியத்தை நூறு தளங்கள் நகலெடுத்திருந்தால் அது ஒரே சான்றுதான். பக்கங்களை எண்ணாமல் வேறுபட்ட வாக்கியங்களை எண்ணுங்கள்.

தமிழ்ப் பக்கங்களில் இன்னொரு பொறி உண்டு. "பாரிஸ், டோக்கியோ போன்ற நகரங்கள்" அருமையான வார்ப்பு. அதே 'போன்ற' உவமைக்கும் வரும்: "சொர்க்கம் போன்ற நகரம்" என்ற வரியால் சொர்க்கமும் பட்டியலில் ஏறிவிடும். வகைச்சொல் பன்மையில் இருக்க வேண்டும், முன்னால் குறைந்தது இரண்டு பெயர்கள் வேண்டும் என்று கட்டுப்படுத்துங்கள். வேற்றுமை உருபுகளைக் கழற்றிய பிறகே எண்ணுங்கள். இல்லையென்றால் பாரிஸ், பாரிஸில், பாரிஸுக்கு மூன்றும் தனித்தனிப் பெயர்களாக நின்று சான்று சிதறும்.

சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் பெரிய மொழி மாதிரிகள் வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஒவ்வொரு கூற்றும் எந்த வாக்கியத்திலிருந்து வந்தது என்று காட்ட வேண்டிய வேலைக்கு இது இன்றும் தேவை. மாதிரியைக் கொண்டு பெயர்களைப் பிரித்தாலும், அதன் விடையையே மறுபடி விதையாக்கினால் இதே சரிவு வரும்.

ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகச் சேர்ந்தவற்றில் மட்டும் ஐம்பதைக் குருட்டாம்போக்கில் எடுத்துக் கையால் சரிபாருங்கள். துல்லியம் சரிந்தால் அந்த வகையை நிறுத்தி, கெட்ட வார்ப்பையும் அது கொண்டுவந்த பெயர்களையும் அவற்றிலிருந்து பிறந்த வார்ப்புகளையும் சேர்த்தே நீக்குங்கள். அதற்கு, ஒவ்வொரு பெயரோடும் அதைக் கொண்டுவந்த வார்ப்பு, சுற்று எண், மூல வாக்கியம் மூன்றையும் முதல் நாளிலிருந்தே சேமித்திருக்க வேண்டும்.