கேமராவை நோக்கிய கண்கள்

கேள்வி: 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003) என்ற கொரியப் படத்தின் முடிவில் முன்னாள் காவல் அதிகாரி ஏன் நம்மையே உற்றுப் பார்க்கிறார்?

பதில்: ஹ்வாசாங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நடந்த தொடர்கொலைகளைத் தழுவிய இப்படத்தைப் போங் ஜூன் ஹோ இயக்கியபோது கொலைகாரன் அடையாளம் காணப்படவில்லை, அவனும் படம் பார்க்க வரக்கூடும் என்றெண்ணியே நடிகர் சாங் காங் ஹோவின் கண்களைக் கேமராவை நோக்கித் திருப்பியிருக்கிறார். பழைய பிணம் கிடந்த வயலோர வடிகாலுக்குள் குனிந்து பார்ப்பவரிடம், அண்மையில் இன்னொருவரும் அப்படியே எட்டிப் பார்த்தார் என்கிறாள் ஒரு சிறுமி. ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டால், சாதாரண முகம்தான் என்கிறாள். படத்திலேயே அச்சமூட்டும் விடை, என் வரையில், அதுதான். 2019இல் மரபணுச் சோதனை காட்டிக்கொடுத்தவனோ, வேறொரு கொலைக்காக 1994இலேயே கைதாகிச் சிறையில் இருந்தவன். எந்தத் திரையரங்கிலும் அவன் அமர்ந்திருக்க வழியில்லை.