வாசகர் கேள்வி - பதில்: பவரைக் குறைத்தும் மீட்டர் ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எங்கள் வளாகத்தில் 10 பிகோ செல்கள் (சிறு இடத்துக்கு மொபைல் சிக்னல் தரும் குட்டி நிலையங்கள்) இருக்கின்றன. இரவில் ஆளில்லை என்பதால் டிரான்ஸ்மிட் பவரைப் பாதியாக்கினோம். மின்செலவு குறைந்ததாகவே தெரியவில்லை. ஏன்?

பதில்: ஐரோப்பாவின் எர்த் ஆய்வுத் திட்டம் தந்த கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிகோ செல்லில் ஒரு ஆன்டெனா வெளியிடுவது அதிகபட்சம் 0.13 வாட். அதற்கு உள்ளே செலவாவது 4 மடங்கு, அதாவது அரை வாட் சொச்சம். எதையும் அனுப்பாமல் விழித்திருப்பதற்கே 6.8 வாட் போகிறது! இரண்டு ஆன்டெனாவுக்கு முழுச் சுமையில் 14.6, சும்மா இருந்தால் 13.6. பவரைப் பாதியாக்கினால் முழுச் சுமையிலேயே அரை வாட்தான் மிச்சமாகும். ஆளில்லாத இரவில் அதுவும் கிடையாது. ஸ்லீப் மோடில் போட்டால் 8.6 வாட். செல்லுக்கு 5 வாட் லாபம்.

எப்போது உறங்க வைப்பது என்று அறிய, செல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் பயன்பாட்டுக் கணக்குகளை (கவுன்டர்கள்) இரண்டு வாரம் சேகரியுங்கள். பிஆர்பி (செல் பங்கிட்டுத் தரும் ரேடியோ அலைவரிசைத் துண்டுகள்) பயன்பாடு அடுத்தடுத்து இரண்டு முறை 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உறங்க வைக்கலாம். சட்டென்று அணைத்தால் பேசிக்கொண்டிருப்பவரின் அழைப்பு அறுந்துவிடும். முதலில் செல்லை பார் செய்யுங்கள், அதாவது புதிய போன்கள் அதில் சேராதபடி தடுங்கள். பிறகு பவரை 1 டெசிபெல் வீதம் இறக்கினால் போன்கள் அழைப்பு அறுபடாமல் மேக்ரோவுக்கு (பெரிய டவரின் செல்லுக்கு) கைமாறிவிடும், அதாவது ஹேண்டோவர் ஆகிவிடும்.

பெரும்பாலும் சறுக்குவது எழுப்பும்போதுதான். பக்கத்தில் ஆள் வந்தது உறங்கும் செல்லுக்குத் தெரியாது. மேக்ரோதான் தன் சுமை ஏறுவதைக் கண்டு எக்ஸ்2 (செல் நிலையங்களுக்கு இடையிலான இணைப்பு) வழியே எழுப்ப வேண்டும். எழுப்பும் வரம்பும் அணைக்கும் வரம்பும் நெருங்கி இருந்தால் செல் ஓயாமல் எழுவதும் உறங்குவதுமாக இருக்கும். எழுந்தால் அரை மணி நேரமாவது விழித்திருக்கட்டும். மேக்ரோ சிக்னல் எட்டாத பேஸ்மென்ட், லிஃப்ட் பக்கத்துச் செல்களை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அங்கே அவசர அழைப்பே போகாமல் போய்விடும்.

நெட்வொர்க் கேபிள் வழியே செல்லுக்கு மின்சாரம் தரும் பிஓஇ போர்ட்டையே அணைத்தால் செல்லின் செலவு சுழியம். ஆனால் திரும்ப எழ பூட், கடிகார ஒத்திசைவு, ஐபிசெக் டனல் (நெட்வொர்க்குடன் பாதுகாப்பான இணைப்பு) எல்லாம் முதலிலிருந்து நடக்க வேண்டும், நிமிடக்கணக்கில் ஆகும். நேரம் குறித்து மூடும் கட்டடங்களுக்கு மட்டும் இது சரி.

கேள்வி: 5ஜி செல்லில் எஸ்எஸ்பி (போன்கள் செல்லைக் கண்டுபிடிக்க அது அவ்வப்போது அனுப்பும் சிக்னல்) இடைவெளியை 160 மில்லிசெகண்ட் ஆக்கலாமா?

பதில்: தனித்து இயங்கும் செல்லில் வேண்டாம். முதன்முறை தேடும் போன் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு எஸ்எஸ்பி வரும் என்றே எதிர்பார்க்கிறது. 160 வைத்தால் செல்லைக் காணாமலே கடந்துவிடலாம். 4ஜியைச் சார்ந்து 5ஜி இயங்கும் என்எஸ்ஏ அமைப்பில் எஸ்எஸ்பி வரும் நேரத்தை 4ஜி சொல்லிவிடும் என்பதால் அங்கே தாராளமாக நீட்டலாம்.